எண்ணுக்கும் ஒரு ஜாதகம்

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவாயிற்று. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அந்த அளவில் ஒரு நாள் முழுக்கத் திறந்திருந்தால் இரண்டரை டி.எம்.சி. வெளியேறியிருக்கும். ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அடையாற்றில் அன்று ஓடியது இந்த நீர் மட்டுமில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும் அதே ஆற்றில்தான் வந்து சேர்ந்தது.

இந்த எண்கள் எவையும் யாருக்கும் தெரியாமல் இருந்தவை இல்லை. மழையை வானிலை ஆய்வுத் துறை அளந்தது. ஏரி மட்டத்தைப் பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவு அளந்தது. மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், குடிநீர் இருப்பு குடிநீர் வாரியத்திடம், ஆற்றுநீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், கிணற்று மட்டம் மாநில, மத்திய நிலத்தடி நீர் அமைப்புகளிடம். ஆளுக்கொரு பதிவேடு, ஆளுக்கொரு படிவம். சென்னையை மூழ்கடித்த அந்த வெள்ளத்துக்குப் பிறகு ‘எல்லாத் தரவையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவர வேண்டும்’ என்ற பேச்சு வலுத்தது, வேலையும் நடந்தது. சென்னைக்கான வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2019-இல் கொண்டுவந்தது. ஏறத்தாழ 5,000 சதுர கி.மீ. பரப்புள்ள சென்னை வடிநிலம் முழுமைக்கும் நிகழ்நேர அமைப்பு ஒன்றைக் கட்டும் பணியை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, 1995-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் பங்கேற்றது. 2016-இல் அது தேசிய நீரியல் திட்டமாக விரிந்தது. ஆகவே நாம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புறப்படவில்லை.

ஆனால் இந்தப் பேச்சில் பெரும்பகுதி சர்வர், டேஷ்போர்டு, திரை, செயலி என்பவற்றைச் சுற்றியே நடக்கிறது. சர்வரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பத்துத் துறைகளின் எண்களை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிசைகளாக ஏற்றுவதும் சில மாத வேலை. கடினமானது அந்த ஒற்றை வரிசைதான். ஜாதகம் கணிப்பவர் முதலில் கேட்பது பிறந்த நேரமும் பிறந்த ஊரும். நேரம் சற்றுப் பிசகினாலும் லக்னமே மாறிவிடும் என்பார்கள். அளவீடும் அப்படித்தான். எங்கே, எப்போது, எந்தக் கருவியால், எந்த முறையில், யாரால் என்ற ஐந்தும் கூடவே வராத எண், மையத்துக்கு வந்து சேர்ந்த பிறகு யாருக்கும் பயன்படாது. பயன்படாமல் கிடந்தால்கூடப் பரவாயில்லை, தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். இதைத்தான் இங்கே சற்று விரித்துச் சொல்ல நினைக்கிறேன்.

நேரத்திலிருந்தே தொடங்கலாம். வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. உலக நேரப்படி அதிகாலை 3 மணி என்பது நமக்கு 8.30, கணக்கு அங்கிருந்து வருகிறது. டிசம்பர் 1 பகலும் இரவும் கொட்டிய மழை, மானி பார்க்கப்பட்ட நாளான டிசம்பர் 2 என்ற தேதியின் கீழ்தான் ஏறும். ஏரியிலிருந்து நீர் திறந்த குறிப்போ டிசம்பர் 1 என்ற தேதியில் இருக்கும். இரண்டு அட்டவணைகளையும் தேதியை வைத்துக் கணினி இணைத்தால், முதலில் வெள்ளம் வந்து மறுநாள் மழை பெய்ததாகப் படம் விரியும். தானியங்கி நிலையங்கள் உலக நேரத்தில் அனுப்புவதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேரம் நழுவும். ஒரு நகரத்தின் வெள்ளம் எழுந்து வடியும் கணக்கில் ஐந்தரை மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய இடைவெளி என்று சைதாப்பேட்டைக் கரையில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மழைமானி ஒன்றை அருகில் போய்ப் பார்ப்போம். திறந்த வெளியில், வேலியிட்ட சிறு இடத்தில், தரையில் பதித்த ஓர் உருளை. மேலே புனல், உள்ளே குப்பி. பார்வையாளர் காலையில் வந்து புனலை எடுக்கிறார், குப்பியைத் தூக்கி அளவுக் கண்ணாடியில் ஊற்றுகிறார், கண்மட்டத்துக்கு உயர்த்திக் கோட்டைப் படிக்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார். ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் நாட்டில் புழங்கும் மானிகளில் 100 சதுர செ.மீ. வாய் உள்ளதும் உண்டு, 200 சதுர செ.மீ. வாய் உள்ளதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுக் கண்ணாடி. கண்ணாடி உடைந்து, கைக்குக் கிடைத்த மற்றதைக் கொண்டு அளந்தால் மழை இரட்டிக்கும் அல்லது பாதியாகும். இன்னொன்றும் உண்டு. 200 சதுர செ.மீ. வாயில் 49 செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய பத்து லிட்டர் தண்ணீர். உள்ளே இருக்கும் குப்பி நான்கு லிட்டர்க் குப்பியானால் 20 செ.மீ. மழைக்கே நிறைந்துவிடும். வழிந்த நீரையும் சேர்த்து அளந்தாரா, இடையில் ஒருமுறை எழுந்து வந்து காலி செய்தாரா, குப்பியில் இருந்ததை மட்டும் எழுதினாரா? பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் அவர் ஒரு வரி எழுதியிருப்பார். மையத்துக்கு ஏற்றப்படும் கோப்பில் பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்கு இடமே இருப்பதில்லை. எண் மட்டும் பயணம் செய்கிறது, குறிப்பு ஊரிலேயே தங்கிவிடுகிறது.

நீரின் தரத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகப் போகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதிகமானால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைகிறது. இதே பொருளை ‘நைட்ரேட்டாக’ என்றும் எழுதலாம், அதிலுள்ள ‘நைட்ரஜனாக’ என்றும் எழுதலாம். இரண்டும் வேதியியலில் சரி. முதலாவது 45 என்றால் இரண்டாவது 10-ஐ ஒட்டி வரும், இடையே 4.43 மடங்கு. ஒரு கிணற்று நீரில் 20 என்று ஆய்வகம் எழுதி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நைட்ரேட்டாக என்றால் வரம்பில் பாதிகூட இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். நைட்ரஜனாக என்றால் உண்மையில் 88-ஐத் தாண்டுகிறது, வரம்பைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. ‘நைட்ரேட்: 20’ என்று மட்டும் மையத்தில் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. ஆய்வகத்துக்கு அது தெரியும். படிவத்தில் கேட்கவில்லை என்பதால் எழுதவில்லை.

பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையும் அதே கதை. ஆற்றில் எவ்வளவு கழிவு கலந்திருக்கிறது என்பதற்கான பொதுவான அளவுகோல் அது. பல நாடுகளில் மாதிரியை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளக்கிறார்கள். நம் வெப்பத்துக்கு ஏற்ப இந்திய முறை 27 டிகிரியில் மூன்று நாள். பழைய இந்திய அறிக்கைகளில் ஐந்து நாள் முறையும் இருக்கிறது. முப்பது ஆண்டு எண்களை ஒரே கோடாக வரைகிறவர், எந்த ஆண்டில் முறை மாறியது என்று அறியாவிட்டால், முறை மாறியதையே ஆறு மாறியதாக வாசித்துவிடுவார். கரைந்த ஆக்சிஜனுக்கோ மணிகூடத் தேவை. பாசி மண்டிய ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆக்சிஜன் பொங்கி நிற்கும். இரவெல்லாம் அந்தப் பாசியே அதை உறிஞ்சி, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும் அளவுக்கு இறங்கிவிடும். மாதிரி எடுப்பவர் அலுவலக நேரத்தில்தான் வருவார். ஆகவே நம் ஏரிகளின் ஆக்சிஜன் கணக்கு பெரும்பாலும் பகல் கணக்கு. இது அவர் குற்றமில்லை. ஆனால் தரவைப் பயன்படுத்துபவருக்கு மணி தெரிந்தே ஆக வேண்டும்.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீர்த்தரத் தரவுக்கு மையக் கிடங்கு என்ற யோசனையில் அமெரிக்கா நமக்கு வெகு முன்னோடி. ஸ்டோரெட் என்ற கணினிக் கிடங்கை 1960-களிலேயே தொடங்கிவிட்டார்கள். நாடெங்கும் இருந்து எண்கள் வந்து குவிந்தன. கடைசியில் என்ன ஆயிற்று? 1998 வரை சேர்ந்தவற்றைப் பழைய கிடங்கு என்று பூட்டித் தனியே வைத்தார்கள். 1999 முதல், ஒவ்வொரு அளவீட்டோடும் யார், எப்படி, எந்த முறையில் அளந்தார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கும் புதிய கிடங்கைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே குவிந்ததைப் பின்னால் சரிசெய்ய முடியாது என்று முப்பது ஆண்டு அனுபவத்தில் கற்ற பாடம் அது.

அதற்குப் பிறகும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லோரி ஸ்ப்ரேக் தலைமையிலான குழு, 488 அமைப்புகள் சேர்த்த நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற ஊட்டப்பொருள் அளவீடுகள் இரண்டரைக் கோடியை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. 2017-இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, அவற்றில் 1 கோடியே 45 லட்சம் பதிவுகளில் அடிப்படை விவரம் ஏதாவது ஒன்று விடுபட்டிருந்தது அல்லது தெளிவில்லாமல் இருந்தது. எந்த வேதிவடிவத்தில் எழுதியது, வடிகட்டிய நீரா வடிகட்டாத நீரா, அலகு என்ன என்பது போன்றவைதான் விடுபட்டவை. அந்தப் பதிவுகளைச் சேகரிக்க ஆன செலவு 1,200 கோடி டாலர் அளவுக்கு இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இந்தக் கட்டுரையை முதலில் வாசித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. படகில் போய், பனியில் நின்று, குப்பி குப்பியாக எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகத்தில் கவனமாக அளந்த உழைப்பு, ஒரு சிறு குறிப்பு விட்டுப்போனதால் வீணாகியிருக்கிறது.

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்க் கதை ஒன்று பொருத்தமாக அமைகிறது. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அந்த மாற்றத்தின் சரி தவறு வேறு விவாதம். தரவின் பக்கம் நின்று பார்த்தால், ஊர்ப்பெயரையே அடையாளமாக வைத்திருந்த ஒவ்வொரு அட்டவணையும் அந்த நாட்களில் ஆட்டம் காணக்கூடியதாக இருந்தது. செம்பரம்பாக்கத்தை ஆங்கிலத்தில் ‘ச’ ஒலியில் எழுதுபவரும் உண்டு, ‘ச்ச’ ஒலியில் எழுதுபவரும் உண்டு. கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். மாவட்டமும் நிலையில்லை. 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலின் மாசு தொடர்பாக 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு வேலூரின் பெயரால் அறியப்படுகிறது. ஆனால் தோல் தொழில் நிறைந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் இன்று திருப்பத்தூர் மாவட்டம். ராணிப்பேட்டை தனி மாவட்டம். ‘வேலூர் மாவட்ட நிலத்தடி நீர்’ என்று 2018-க்கு முன்னும் 2020-க்குப் பின்னும் ஒரு சராசரி போட்டால், தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகள் கணக்கிலிருந்து கழன்றுவிடும்; நீர் திடீரென்று சுத்தமானதாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும், ஒவ்வொரு மானிக்கும் ஆயுள் முழுக்க மாறாத ஓர் எண்ணும், அட்ச தீர்க்க ரேகையும் வேண்டும். பெயர், வட்டம், மாவட்டம் எல்லாம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தனியே எழுதிக்கொள்ள வேண்டியவை. கிணறு தூர்ந்து நூறடி தள்ளிப் புதுக்கிணறு வெட்டினால் அதற்குப் புது எண்.

மையத்தில் அமர்ந்திருப்பவர் செய்யக்கூடிய பெரிய தவறு ஒன்று உண்டு: சந்தேகமான எண்ணைத் திருத்திவிடுவது, அல்லது அழித்துவிடுவது. அண்டார்டிகாவில் ஹாலி என்ற இடத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-களிலிருந்து டாப்சன் கருவியை வைத்து ஓசோனை அளந்து வந்தார்கள். அக்டோபர் மாத ஓசோன் ஆண்டுதோறும் சரிந்துகொண்டே போவதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் வெளியிட்டார்கள். 1978-இல் ஏவப்பட்ட நாசாவின் நிம்பஸ் 7 செயற்கைக்கோளும் அதே வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ‘நாசாவின் கணினி அந்தக் குறைந்த எண்களை எறிந்துவிட்டது’ என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. நடந்தது வேறு. 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்தவற்றை, ஐயத்துக்குரியவை என்று மென்பொருள் குறியிட்டு வைத்தது. மூல அளவீடுகள் அப்படியே இருந்தன. அவற்றைத் திரும்ப ஆராய்ந்து, ஓசோன் ஓட்டை அண்டார்டிகா அளவுக்குப் பரந்திருந்ததைப் படமாகவே காட்ட முடிந்தது. இரண்டாண்டில் ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அழித்திருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. மூல எண் ஓர் அறையில் கை படாமல் இருக்கட்டும். அதன்மேல் வைக்கும் ஐயக்குறி, திருத்தம், திருத்தியவர், காரணம், தேதி ஆகியவை இன்னொரு அறையில் அடுக்கடுக்காகச் சேரட்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன்.

இல்லாத எண்ணுக்கும் இதே மரியாதை தேவை. ஆய்வகம் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழ்’ என்று எழுதியதை, எண் கட்டத்தில் எழுத்து ஏறாது என்பதால் யாரோ பூஜ்யம் என்று மாற்றுகிறார். கருவி பழுதான நாளும் பூஜ்யமாகிறது. உண்மையிலேயே மாசு இல்லாத நாளும் பூஜ்யம். மூன்றும் ஒன்றாகக் கலந்த பிறகு சராசரி போட்டால் வருவது எந்த ஆற்றின் சராசரியும் இல்லை. நம் காற்றுத் தரக் குறியீட்டை வகுத்தவர்கள் இதில் கவனமாக இருந்தார்கள். ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரத் தரவு இருந்தால்தான் அன்றைய குறியீடு. குறைந்தது மூன்று மாசுகள், அவற்றில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘தரவு போதாது’ என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது. நீருக்கும் மண்ணுக்கும் இதே கண்டிப்பு வர வேண்டும்.

யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே துறையின் சாவிக்குள் பூட்டுவதை நான் ஏற்கவில்லை. அளப்பவரிடமே தரவின் பொறுப்பு இருக்கட்டும். எண்ணின் வடிவம், அலகு, நேரம், நிலைய எண், முறைக் குறியீடு ஆகியவற்றுக்கான பொது விதி மட்டும் ஒன்றாக இருக்கட்டும். அமெரிக்காவில் இன்று புவியியல் அளவாய்வு நிறுவனமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தத்தம் கிடங்குகளைத் தாமே வைத்துக்கொண்டு, பொது வடிவத்தில் ஒரே வாசல் வழியாகத் தருகின்றன. நாற்பது கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் அந்த வாசலில் எவருக்கும் கிடைக்கின்றன. தவறு தெரிந்தால் திருத்த வேண்டியவர் அளந்தவர்தான் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. மையம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் அளந்தவருக்கு அது தன்னுடையது என்ற எண்ணம் போய்விடும்.

மாசு வெளியிடுபவரே அளக்கும் இடத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. மிகுந்த மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் தம் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. தரவு நேரடியாக வாரியங்களின் சர்வருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் இதற்கென்றே கிண்டியில் கண்காணிப்பு மையம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் ஆலையே. கருவி கடைசியாக என்று அளவுதிருத்தம் செய்யப்பட்டது, யார் செய்தார், எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது என்பவை வெளியேறும் மாசின் எண்ணுக்குச் சமமான தகவல்கள். அவையும் அதே திரையில், குழாய்க்குக் கீழே குடியிருக்கும் ஊர்க்காரர் பார்க்கும்படி இருக்க வேண்டும். 2012-இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும், 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவும், கேட்காமலே வெளியிடும் கடமையை ஏற்கெனவே விதித்திருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் இன்னும் யாரும் சரியாக யோசிக்காத ஓர் ஆள் அந்த மழைமானிப் பார்வையாளர். அவர் அனுப்பும் எண் மேலே போகிறது. அவருக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை. முப்பது ஆண்டு தம் கையால் எழுதிய மழை எப்படிக் கூடிக் குறைந்தது என்ற படத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். மையம் கட்டுபவர்கள் அவர் நிலையத்தின் கோட்டை அவர் கைப்பேசிக்கே அனுப்பட்டும், பக்கத்து இரண்டு நிலையங்களின் கோடுகளோடு சேர்த்து. பெருமழை நாளொன்றில் தம் நிலையம் மட்டும் மற்ற இரண்டுக்கும் கீழே தட்டையாக நிற்பதை அவர் உடனே கண்டுகொள்வார். அன்று குப்பி வழிந்ததா, கண்ணாடி உடைந்திருந்ததா, எத்தனை மணிக்கு ஊற்றி அளந்தார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அதை அவர் எழுத அந்தத் திரையில் ஒரு கட்டம் வேண்டும்.